கை நனைத்த பிறகு

எனக்குக் கெட்டவர்கள் மேல் வருகிற கோபம் சீக்கிரமே ஆறிப்போகும். நல்லவர்கள் மேல் வருகிற கோபம்தான் ஆறாது. இதை எழுத உட்காரும்போதுகூட முதலில் கண்முன்னால் வருவது அந்த விசாரணை அதிகாரியின் முகம்தான். அவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. பியூனைக்கூடத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மலைக்காரர்கள் எதிரே வந்து நின்றால், முதலில் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அப்படிப்பட்ட மனுஷர் மேல் உனக்கென்னடி கோபம் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள்.

எமர்ஜென்சி முடிந்து ஆட்சி மாறியிருந்த வருஷம் அது. நான் நாமக்கல்லில் ஒரு அரசு ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். நாமக்கல் அப்போது தாலுகா ஊர்தான், பெரிய காரியம் எதுவானாலும் சேலத்துக்கு ஓட வேண்டும். எங்கள் வீட்டில் கடலைக்காடும் புதிதாகப் போட்ட கோழிப்பண்ணையும் இருந்தன. முட்டை பொறுக்கிப்போட ஆள் வேண்டியிருக்கும்போது பொம்பளைப்பிள்ளை ஆபீசுக்குப் போய் என்ன சாதிக்கப்போகிறது என்பது அப்பாவின் கேள்வி. முட்டை பொறுக்குவதைவிட எழுத்துத் தட்டுவது மேல் என்று நான் வாயாடிவிட்டு வந்தேன்.

ஆட்சி மாறியதும் எங்கள் ஆபீசில் நடந்த முதல் காரியம், எமர்ஜென்சியில் மாட்டிய, குறைவாகப் பேசி நிறைய உழைக்கச் சொன்ன போர்டைக் கழற்றியதுதான். கழற்றினோமே தவிர எறியவில்லை. ஹெட் கிளார்க் அதைத் துடைத்து பீரோவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அடுத்த தடவை ஆட்சி மாறினால் புதிதாக எழுத வேண்டாமே என்றார். புதிய அரசாங்கத்தின் மேல் எங்கள் ஆபீசுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை மறைப்பானேன். வயசு அப்படி.

இரண்டாவது காரியமாக ஒரு உத்தரவு வந்தது. போன ஆட்சிக் காலத்தில் மலையில் இருக்கிற ஆதிகுடிகள் மேல் பொய்வழக்குப் போட்டது, அடித்தது, காட்டைப் பிடுங்கி வேலி போட்டது எல்லாவற்றையும் விசாரிக்க ஒரு அதிகாரி வருகிறார், அவருக்கு ஒரு டைப்பிஸ்ட் வேண்டும் என்று. மலையடிவாரத்துக்கு பஸ் ஏறிப் போய்வர ஆண்கள் யாரும் தயாராக இல்லை. என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்த உத்தரவில்தான் மனித உரிமை என்கிற சொல்லை முதன்முதலாக அடித்தேன். அதுவரை நான் அடித்ததெல்லாம் பட்டாவும் சிட்டாவும் லீவு விண்ணப்பமும்தான். அந்தச் சொல்லை அடித்த அன்று சாயங்காலம் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனேன்.

அடிவாரத்தில் சந்தை கூடுகிற ஊர் ஒன்று இருந்தது. சனிக்கிழமை சந்தை. மலைக்காரர்கள் பலாப்பழமும் வாழைத்தாரும் அன்னாசியும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றுவிட்டு, உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு மேலே ஏறுவார்கள். அவர்களும் தங்களைக் கவுண்டர் என்றே சொல்லிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். எங்கம்மா அந்தச் சந்தையில் பலாப்பழத்துக்குப் பேரம் பேசுவதைக் கேட்டால், பழத்தை அவள்தான் மரமேறிப் பறித்துக்கொண்டு வந்தாள் என்று நினைக்கத் தோன்றும். அந்தச் சந்தை நாளிலேயே பள்ளிக்கூடத்தில் விசாரணையை வைத்தார் அதிகாரி. அதற்காகத் தனியாக அவர்களை இறங்கவைக்கக் கூடாது என்று யோசித்தாரே, அதுவே பெரிது என்று நினைத்தேன்.

வந்தார்கள். உட்காரச் சொன்னதும் பெஞ்சில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார்கள். அடித்தார்களா என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு ஒருவர் சொல்வார், அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. பொய்வழக்குப் போட்டார்களா? முடிஞ்சு போச்சுங்க. யார் முடித்தார்கள்? மறுபடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பயப்படுகிறார்கள் என்று அதிகாரி நினைத்தார். காட்டிலாகா ஆட்கள் யாரும் பள்ளிக்கூடப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். காக்கி நிறமாக இருக்கிறதென்று பியூனின் சட்டையைக்கூட மாற்றச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையும் அதே பதில்தான். நான் மெஷினில் தாளைச் சொருகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் தனியாக வந்தாள். முப்பது வயசு இருக்கலாம். வாழைத்தார் விற்ற கையோடு வந்திருந்தாள், சேலை முழுக்கக் கறை. அவள் மட்டும் தரையில் உட்காரவில்லை, பெஞ்சிலும் உட்காரவில்லை. நின்றுகொண்டே, தன் புருஷன் சேலம் ஜெயிலில் இருக்கிறான், அவனை எப்போது விடுவீர்கள் என்று கேட்டாள். எமர்ஜென்சியில் பிடித்துவைத்திருந்த கட்சிக்காரர்களையெல்லாம் மாலை போட்டு மேளத்தோடு வெளியே கூட்டிவந்தார்களே, அதைச் சந்தையில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். தன் புருஷனையும் அப்படி விடுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். மேளம் வேண்டாம், ஆளைக் கொடுத்தால் போதும் என்றாள்.

அவள் சொன்னது இது. மலையில் சந்தன மரங்கள் காணாமல் போயின. வெட்டியது யார் என்று எல்லாருக்கும் தெரியும், லாரியோடு வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். கணக்குக் காட்டவோ ஒரு ஆள் வேண்டும். காட்டிலாகா கார்டு ஒருவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர்கள் ஊருக்கு வந்தான். கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் அடித்தான். அவள் புருஷன் எதிர்த்துக் கேட்டதால் அவனுக்கு அடி அதிகம். பிறகு ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு, யாராவது ஒருத்தன் ஒத்துக்கொண்டால் உங்கள் வழக்கப்படியே இதை முடித்துக்கொள்ளலாம் என்றான்.

அந்த வழக்கத்தை அவள் விளக்கியபோது நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவர்கள் ஊரில் எந்தத் தகராறானாலும், ஊர் கூடுகிற பொது இடமான மந்தையில் எல்லார் முன்னாலும் ஒருவன் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு ஆடு அறுப்பார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் அந்த வழக்கு செத்தது. அதற்குப் பிறகு அங்கே சாப்பிட்ட யாரும் அதை வாயெடுத்துப் பேசக்கூடாது. சொந்தம் கொண்டாடக் கை நனைப்பது எங்கள் பக்கமும் உண்டு. மனஸ்தாபம் இருக்கிற வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வாசல் தாண்டியதும் பழைய சண்டையை ஆரம்பிக்கக் கூடியவர்கள். மலையில் அப்படியில்லை.

ஊர் பிழைக்கட்டும் என்று அவள் புருஷன் ஒத்துக்கொண்டான். அவர்கள் ஆட்டையே அறுத்து, அந்தக் கார்டு அவர்களோடு மந்தையில் உட்கார்ந்து தின்றான். ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு போயிற்று. மறுநாள் காலையில், சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம் என்று அவனைக் கீழே கூட்டிப்போனான். கோர்ட்டில் கேட்டபோதும் அவன் ஆமாம் என்றே சொன்னான். மந்தையில் ஒன்று சொல்லிவிட்டுக் கோர்ட்டில் வேறொன்று சொல்வது அவனுக்குத் தெரியாது. மூன்று வருஷம் போட்டார்கள்.

“அந்தக் கார்டுக்குத் தெரியுமுங்க,” என்றாள். “மலையில பல வருசமா இருக்கறவன். எங்க வாயை எப்படிக் கட்டறதுன்னு தெரிஞ்சுதான் சோத்துல கை வச்சான்.”

ஊரே வாய்மூடியிருக்கும்போது நீ மட்டும் எப்படிப் பேசுகிறாய் என்று அதிகாரி கேட்டார். தன் வீட்டுக்கு வந்த பங்கை அவள் வாங்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து ஊரில் எந்த வீட்டிலும் அவள் சாப்பிடுவதில்லை, ஊரில் யாரும் அவள் வீட்டில் சாப்பிடுவதில்லை. வழக்கு முடிந்தவர்களுக்கும் முடியாதவளுக்கும் நடுவில் சோறு கிடையாது.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிடைத்தது ஒரு வழக்கு என்கிற சந்தோஷம் இல்லை அது, உண்மையிலேயே அந்த மனுஷனை வெளியே கொண்டுவர முடியும் என்கிற சந்தோஷம். மனைவி சொல் மட்டும் போதாது, அவனே சொல்லட்டும், அடித்து வாங்கிய ஒப்புதல் என்று எழுதி விடுதலைக்கு அனுப்புகிறேன் என்றார். அடுத்த வாரமே ஜீப்பில் சேலத்துக்குப் போனோம். அவளும் எங்களோடு வந்தாள். ராசிபுரம் தாண்டியதும் வாந்தி எடுத்தாள். நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன், முகர்ந்து பார்க்க மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஜெயிலில் ஒரு சின்ன அறையில் அவனை உட்காரவைத்தார்கள். ஒல்லியாக, தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டு இருந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அது எப்படி ஆனது என்று அதிகாரி கேட்டார். அவன் கையை மடிக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க என்றான். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சொல்லு, இந்தச் சாமி நல்லவரு, சொன்னா விட்டுருவாங்க என்று கெஞ்சினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு ஆசையோடு பார்த்தான் என்பதை நான் எந்தத் தாளிலும் அடிக்க முடியவில்லை.

அந்தக் கார்டு உன்னை ஏமாற்றியிருக்கிறான், ஏமாற்றிப் போட்ட சாப்பாடு எப்படிச் செல்லும் என்று அதிகாரி அவனுக்கு எடுத்துச் சொன்னார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். யோசிக்காமல் மறுத்திருந்தால் எனக்கு அவன்மேல் கோபம் வந்திருக்கும்.

“அவரு ஏமாத்துனது அவரு பாவமுங்க,” என்றான். “நான் சாப்பிட்டது நெசமுங்க. எங்களுக்குன்னு அந்த மந்தை ஒண்ணுதான் இருக்குது. அதையும் நான் ஒடைச்சுட்டா, நாளைக்கு எங்க ஊர்ல ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா எதை வச்சுங்க தீக்கறது?”

 திரும்பி வருகிற வழியில் ஜீப் ராசிபுரத்துக்கு வந்ததும், என்ன மாதிரி மனுஷன் பார்த்தாயாம்மா என்றார் அதிகாரி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கோ எரிச்சலாக இருந்தது. கண் கலங்கி என்ன, ஆள் உள்ளேயல்லவா இருக்கிறான்? பின் சீட்டில் இருந்த அவள்தான் முதலில் வழி சொன்னாள். தனக்கொரு தம்பி இருக்கிறான், பக்கத்து ஊர். கார்டு அடித்த அன்றைக்கு அக்காவைப் பார்க்க வந்தவன் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்திருக்கிறான். புரட்டாசி மாசம், பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு கறி தொடாமல் இருந்ததால் மந்தையில் அவன் கை நனைக்கவில்லை. அவன் பேசலாம், அவனை எதுவும் தடுக்காது என்றாள்.

தம்பி வந்தான். இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும், அக்காவைப் போலவே நெற்றி. சொல்லுகிறேன் என்றான். எல்லார் முன்னாலும் ஒழுங்காக எழுதி வாங்கிக்கொள்வோம், அந்தக் கார்டையும் வரவழைத்து வைத்துக் கேட்போம், அப்போதுதான் மேலே எடுபடும் என்று அதிகாரி அடுத்த விசாரணைக்கு நாள் குறித்தார். நான் அன்றைக்கே வாங்கிவிடலாமே சார் என்றேன். முறைப்படி செய்யலாம்மா, போன ஆட்சி மாதிரி அவசரப்பட வேண்டாம் என்றார்.

அந்த நாளுக்குள் மந்திரி வந்துவிட்டார்.

மந்திரி வருவது நல்ல காரியத்துக்குத்தான். மலை மக்களைப் போன ஆட்சி மனுஷராக மதிக்கவில்லை, இந்த ஆட்சி மதிக்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அதற்கு அடிவாரத்தில் ஒரு சமபந்தி விருந்து. மந்திரியும் பெரிய அதிகாரிகளும் மலைக்காரர்களோடு ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லா இலாகா சிப்பந்திகளும், காட்டிலாகா உட்பட, கட்டாயம் பந்தியில் உட்கார வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. பெண் சிப்பந்திகள் பரிமாறினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று எங்களை நிறுத்தினார்கள். என் கையில் அப்பளக் கூடை. விசாரணை அதிகாரி காலையிலிருந்து கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து எல்லா ஊரும் இறங்கி வந்திருந்தது. சாமியானாவுக்குக் கீழே நீள நீளமாகப் பந்தி. அவளும் வந்திருந்தாள், மந்திரியிடம் நேராகக் கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் வரிசையில் அவளை உட்காரவைத்துவிட்டார்கள். ஆண்கள் வரிசையில் அவர்கள் ஊர்க்கவுண்டர், அவருக்குப் பக்கத்தில் தம்பி. நான் அப்பளம் வைத்துக்கொண்டே போனவள், தம்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். அந்தக் கார்டு. அவனைச் சந்தையில் பார்த்திருக்கிறேன், மீசையை மறக்க முடியாது. காக்கி போடாமல் வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். தம்பியைப் பார்த்து, என்னப்பா சௌக்கியமா என்று சிரித்தான்.

 அந்த அரசாங்கத்திலேயே மலைக்காரர்களின் வழக்கத்தை ஒழுங்காகப் படித்துவைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் அவர்கள் மேல் அன்பு வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கூடையை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு அதிகாரியிடம் ஓடினேன். சார், அந்தப் பையனைச் சாப்பிட விடாதீர்கள், அந்தக் கார்டோடு ஒரே பந்தியில் கை நனைத்தால் சாட்சி போயிற்று என்றேன். அவருக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவர் பந்தியைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், போட்டோ எடுப்பவர்களைப் பார்த்தார்.

“விடிஞ்சதுல இருந்து நடந்து வந்திருக்கான். பசியோட இலை முன்னாடி உக்காந்திருக்கற மனுஷனை எழுந்திருன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?” என்றார். “அதுவும் சமபந்தியில?”

 இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கார்டையாவது எழுப்புங்கள் என்றேன். சிப்பந்திகள் கட்டாயம் உட்கார வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு என்றார். இது அரசாங்கச் சாப்பாடு, மந்தைச் சாப்பாடு இல்லை, அவர்களே அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நீ கவலைப்படாதே என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அதற்குள் சாதம் வந்துவிட்டது.

பெண்கள் வரிசையிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். இலையை விட்டு எழுந்து நின்று தம்பியையே பார்த்தாள். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. தம்பியும் அவளைப் பார்த்தான். அவன் கை மடியில் இருந்தது. ஊர்க்கவுண்டர் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மந்திரி எழுந்து கையில் லட்டுத் தட்டோடு வரிசையாக வந்தார். தம்பியின் இலையில் ஒரு லட்டை வைத்து, சாப்பிடுப்பா, கூச்சப்படாதே, இது உங்க ஆட்சி என்று தோளில் தட்டினார். போட்டோக்காரர் குனிந்து எடுத்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான்.

அவள் வெளியே போய்விட்டாள். மந்திரியிடம் எதுவும் கேட்கவில்லை. மலைக்காரப் பெண்களுக்குக் கூச்சம் அதிகம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் கூடையைத் திரும்ப வாங்கி மிச்சமிருந்த அப்பளத்தைப் பரிமாறி முடித்தேன். அன்றைக்கு எனக்கு அந்தப் பந்தி மொத்தத்தையும் வாரிச் சுருட்டி எறிய வேண்டும் போல இருந்தது.

குறித்த நாளில் விசாரணை நடந்தது. கார்டு சொன்ன நேரத்துக்கு வந்து ஓரமாக நின்றான். தம்பியும் வந்தான். வராமலே இருந்திருக்கலாம், சொன்ன வார்த்தைக்காக வந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னார் அதிகாரி. அவன் தரையில் உட்கார்ந்தான். நீ பார்த்ததைச் சொல்லு என்று அதிகாரி எத்தனையோ விதமாகக் கேட்டார். அவன் தரையையே பார்த்துக்கொண்டு, முடிஞ்சு போச்சுங்க என்றான். வாசலில் நின்ற அக்காவைத் தாண்டித்தான் அவன் வெளியே போக வேண்டியிருந்தது. அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். பின்னால் ஒரு சந்தையில் அவனைப் பிடித்து நான் கேட்டபோது, மந்திரி கையால வச்சதுங்க, ஊரே சாப்பிடறப்ப நான் எந்திரிச்சா ஊரை எந்திரிக்கச் சொன்ன மாதிரி ஆயிருமுங்க என்றான். 

அதிகாரி அறிக்கை எழுதினார். நான்தான் அடித்தேன். மலை மக்களிடமிருந்து குறிப்பிடத்தக்க புகார் எதுவும் நிரூபணம் ஆகவில்லை என்றும், விருந்தின் மூலம் அவர்களுக்கும் அரசுக்கும் இடையே நல்லிணக்கம் ஏற்பட்டிருக்கிறது என்றும் அதில் இருந்தது. அவர் எழுதியது பொய்யில்லை. அவள் புருஷனுக்காகக் கருணை காட்டலாம் என்று தனியாக ஒரு பத்தியும் சேர்த்தார். அது எங்கே போனது என்று தெரியவில்லை. மாற்றலாகிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால் முடிந்ததைச் செய்தேனம்மா என்றார். ஆமாங்க சார் என்றேன். வேறென்ன சொல்ல?

அவன் மூன்று வருஷத்தையும் முழுசாக இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தான். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, லாரி பாடி கட்டுகிற பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, வேலையும் நிரந்தரமாகியிருந்தது. ஆட்சி மறுபடியும் மாறியிருந்தது. பீரோவுக்குப் பின்னால் இருந்த போர்டைக் கரையான் அரித்துவிட்டதால் அது மட்டும் திரும்ப மாட்டப்படவில்லை.

எண்பதுகளில் மலைக்கு பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, ஆபீஸ் வேலையாக ஒருநாள் மேலே போனேன். அவர்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். விசாரித்துக்கொண்டு போனேன். புல் வேய்ந்த வீடு. வாசலின் ஒரு ஓரத்தில் ஒரு அடுப்பு, அதில் அவன் சாமைச் சோறு ஆக்கிக்கொண்டிருந்தான். மடங்காத விரல்களோடு அகப்பையைப் பிடிக்கச் சிரமப்பட்டான். வீட்டுக்குள்ளே இன்னொரு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அவள் உடம்புக்கு முடியாமல் இருக்கிறாளோ என்று நினைத்தேன். அவள் நன்றாகத்தான் இருந்தாள், வெளியே வந்து, வாங்க சாமி என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அவன் கை நனைத்தவன், அவள் நனைக்காதவள். அவன் ஜெயிலிலிருந்து வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. ஒன்றாகத்தான் காட்டுக்குப் போகிறார்கள், ஒன்றாகத்தான் களை எடுக்கிறார்கள். பேச்சு உண்டு, சிரிப்பும் உண்டு. சோறு மட்டும் கிடையாது.

அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது அவனிடம் கேட்டேன், அவள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாளா என்று.

“இல்லீங்க,” என்றான். “அவ மேலயும் தப்பில்லீங்க. சில நாளு உள்ளார அவ கொழம்பு கூட்டற வாசம் வருமுங்க. அன்னைக்கு மட்டும் எனக்குச் சோறு எறங்காது.”

தண்ணீர்க் குடத்தோடு வந்தவளிடம், போதும் விடேன், உன் புருஷன்தானே, ஒரு கவளம் சேர்ந்து சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். உரிமையோடு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

“நானும் கை நனைச்சுட்டா, அவரை அடிச்சதே இல்லைன்னு ஆயிருமுங்க சாமி,” என்றாள். “அது நடந்துச்சுன்னு சொல்ல இந்த மலையில நான் ஒருத்திதான் பாக்கி.”

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.  உச்சி வெயில் நேரம், இரண்டு அடுப்பிலும் சோறு வெந்திருந்தது, நான் காலையில் குடித்த காபியோடு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்தவளைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. எந்த அடுப்பில் நான் சாப்பிட்டாலும் மற்ற அடுப்புக்கு ஆகாதவளாகிவிடுவேன். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். பஸ் வர இன்னும் நெடுநேரம் இருந்தது. ரோட்டோரமாக நின்று காத்திருந்து, பசியோடு கீழே இறங்கினேன்.